பார்ப்பவர் கையெழுத்து

தேநீருக்கு நன்றி. ஆனால் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டீர்கள். விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும். திரும்பத் திரும்ப ஊற்றி உட்காரவைக்கலாம். நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டு இடத்தைக் காலிசெய் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் இதைச் சொல்லித்தரவில்லையா, இல்லை விசாரணை அலுவலகத்து மரியாதையே வேறா, தெரியவில்லை. பரவாயில்லை. நான் எங்கும் கிளம்புவதாக இல்லை.

நடந்ததை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்தீர்கள். எழுதுகிறேன். இருபத்தேழு வருடம் பதிவேடு எழுதிய கை இது. அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் புருல். வயது ஐம்பத்தெட்டு. பிஷ்கெக்கில் ஒரு சர்வர் நிலையத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தேன். நிலையத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களுடைய வக்கீல் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

எங்கள் அறையில் ஆளுயர இரும்புக் கூடு ஒன்று. அதில் பதினாறு பிளேடு சர்வர்கள், அலமாரியில் நிறுத்திய புத்தகங்கள் போல நெருக்கமாக. ஒவ்வொன்றும் ஒரு முழுக் கணினி. பலருடைய வேலை அதில் ஓடியது. நகரத்தின் தெற்குப் பக்கத்து ஆம்புலன்ஸ் அழைப்புகளும் அதில்தான். யாராவது போன் செய்தால் அழைப்பை எடுத்து, முகவரி குறித்து, வண்டியை அனுப்புகிற ஏற்பாடு முழுவதும் அந்தக் கூட்டுக்குள் இருந்தது. இரண்டாவது கூடு வாங்கப்போகிறோம் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிளேடுக்குள் பல பாகங்கள் உண்டு. வட்டைப் பார்த்துக்கொள்வது ஒன்று, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது ஒன்று, இவையெல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மேற்பார்வை பார்ப்பது ஒன்று. ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் அதை நடத்துகிற நிரல் பதிந்திருக்கும். அதுதான் ஃபர்ம்வேர். வருடத்துக்கு இரண்டு முறை புதியது வரும், ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பிளேடு செத்துப் பிழைக்கும். அதற்கு நாற்பத்து மூன்று நிமிடம். ஆரம்பித்தபின் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்தப் பாகம் மறுபடி எழுந்திருக்காது. கல்லாகிவிட்டது என்போம்.

அதனால் ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். ஒரு பிளேடின் வேலையை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு அதைப் படுக்க வைத்து, எழுப்பி, சரிபார்த்து, பிறகு அடுத்தது. பதினாறும் முடிய காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஏழாகும். திரையில் பட்டியலின் உச்சியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் முடிந்தது, முடியாதது என்று பார்க்காமல் பதினாறும் ஒன்றாகப் படுத்துவிடும். மொத்த வேலையும் நாற்பத்து மூன்றே நிமிடத்தில் முடியும். அந்த நாற்பத்து மூன்று நிமிடமும் அறையில் எதுவும் உயிரோடு இருக்காது. இந்தக் கட்டத்தை எதற்கு வைத்தார்கள் என்று யோசித்ததுண்டு. சோம்பேறிகளுக்காக என்றுதான் தோன்றியது.

எங்கள் விதிப் புத்தகத்தை எழுதியது நான். கட்டத்தைத் தொடக் கூடாது என்பது அதில் இருக்கிறது. உத்தரவு என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது என்பதும் இருக்கிறது. பதிவேட்டில் ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு வரி, வரிக்கு இரண்டு கையெழுத்து. செய்பவர் ஒருவர், பக்கத்தில் நின்று பார்ப்பவர் ஒருவர். நடைமுறையில் யார் பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்ப்பது? பார்ப்பவர் காலையிலேயே பதினாறு வரியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நான் மட்டுமல்ல, எல்லோரும் அப்படித்தான். இதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இல்கிஸைப் பற்றி எழுதுகிறேன். என்னிடம் இருபத்து மூன்று வயதில் வேலைக்கு வந்தான். கெட்டிக்காரன், வாயாடி. ஃபர்ம்வேர் ஏற்றுகிற நாளில், "எஜே, இது பதினாறு பிள்ளைங்களத் தூங்க வைக்கிற மாதிரி. கடைசிப் பிள்ள கண்ண மூடுறதுக்குள்ள மொதப் பிள்ள எந்திரிச்சு உக்காந்துக்கும்" என்பான். என்னை எஜே, அக்கா என்பான்; என் கணவர் ரிஸ்பெக்கை பாய்கே, அண்ணன் என்பான். ரிஸ்பெக்குக்கு அவன்மேல் உயிர். எங்களுக்கு ஒரே மகள், நாஸிரா. மகன் இல்லாத குறையை அவனை வைத்துத் தீர்த்துக்கொண்டார். ஞாயிறுதோறும் இரண்டு பேரும் தோகுஸ் கோர்கோல் குழிப்பலகை ஆட்டம் ஆடுவார்கள். ரிஸ்பெக் கள்ளாட்டம் ஆடுவார். காயைக் குழி மாற்றிப் போடுவார். இல்கிஸ் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். நல்ல குணம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான்கு வருடத்துக்கு முன், அக்டோபரில், ஒரு சனிக்கிழமை. நாஸிராவின் மகன் நடக்க ஆரம்பித்திருந்தான். அவனுக்குக் கால்கயிறு அறுக்கும் விழா; பிள்ளையின் கணுக்கால்களைக் கயிற்றால் கட்டி நிறுத்துவோம், ஓட்டத்தில் முதலில் வருகிறவர் அதை அறுப்பார். ஊர் ஓரத்தில் புதிதாக வீடு கட்டியிருந்தார்கள்; முற்றத்துக்கு வெளியே ஓட நல்ல மண் பாதை. அன்றைக்கே ஃபர்ம்வேர் ஏற்றுகிற நாளும் வந்தது. அட்டவணை ஜனவரியில் நான் போட்டது. ஒரு விருந்துக்காக அட்டவணையை மாற்றுகிறவள் இல்லை நான். காலையில் பதினாறு வரியிலும் பார்ப்பவர் கையெழுத்தைப் போட்டேன். அறையில் இல்கிஸை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனேன்.

ரிஸ்பெக்குக்கு அன்று ஒரே முகவாட்டம். பேரனின் கயிற்றை இல்கிஸ் ஓடிவந்து அறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அறுக்கிறவனின் குணம் பிள்ளைக்கு வரும் அல்லவா. "அவன வேலைல கட்டிப்போட்டுட்டு வந்துட்டியே, உனக்கு நெஞ்சு இருக்கா இல்ல அங்கயும் சர்வர்தானா" என்று நான்கு பேர் முன்னால் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு மணிக்கு ஓட்டம் ஆரம்பமானது. முதலில் சிறுவர்கள், பிறகு பெண்கள். ஆண்கள் ஓட்டத்தை ரிஸ்பெக் பத்து நிமிடம் தள்ளிப் போட்டார், வாசலைப் பார்த்துக்கொண்டே. கடைசியில், "சரி, அவன் வரல. அவன் இடத்துல நானே ஓடுறேன்" என்று கோட்டைக் கழற்றினார். அறுபத்திரண்டு வயது, கொழுத்த உடம்பு. குழந்தையை எட்டுவதற்கு நான்கு அடி இருக்கும்போது விழுந்தார்.

ஆம்புலன்ஸுக்கு போன் செய்தோம். மணி அடித்தது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கூடு செத்திருந்தாலும் வெளியே தொலைபேசி நிலையம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். தொடர்பு இல்லை என்று சொல்லிவிட்டால் ஜனங்கள் ஆளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பார்கள். மணி அடித்தால் இதோ எடுத்துவிடுவார்கள் என்று காத்திருப்பார்கள். நாங்கள் பதினெட்டு நிமிடம் காத்திருந்தோம். அவரை வண்டியில் ஏற்றும்போது ஒரு டாக்சி வந்து நின்றது. இல்கிஸ் இறங்கினான். கையில் குழந்தைக்கு வாங்கிய ஒரு ஜோடி சின்னஞ்சிறு பூட்ஸ்.

ரிஸ்பெக் ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டு தெரு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உள்விசாரணை நடந்தது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு உச்சிக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறான். போட்டுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு விருந்துக்குக் கிளம்பியிருக்கிறான். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். "விருந்துக்குப் போகணும்னு அவசரம். நானா எடுத்த முடிவு" என்றான். சொல்லும்போது ஒருமுறை என் பக்கம் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். தலைமைப் பொறியாளராக அவனை வேறு கிளைக்கு அனுப்ப இருந்தார்கள். அதை ரத்து செய்தார்கள். பதவியைக் குறைத்து என் கீழேயே விட்டார்கள். கணவனைப் பறிகொடுத்தவள் என்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அவன்மேல் வெறுப்பு. இதை மறைக்க எனக்குக் காரணம் இல்லை. ரிஸ்பெக்கின் சாவுக்கு வந்து, உடலை வைத்திருந்த கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் வரிசையில் கோலை ஊன்றிக் குனிந்து, பெற்ற மகன் போல வாய்விட்டு அழுதான். கேட்டவர்கள் எல்லோரும் அவனுக்காக இரக்கப்பட்டார்கள். நாற்பதாம் நாள் விருந்துக்குத் தண்ணீர் சுமந்தான். பனி பெய்தால் சொல்லாமல் வந்து என் கூரையில் ஏறி வழித்துத் தள்ளிவிட்டுப் போவான். நான்கு குளிர்காலம். அவன் ஒரு தடவையாவது முரட்டுத்தனமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால், உங்களாலும்தான் என்று ஒரு தடவையாவது கத்தியிருந்தால், எனக்கு இத்தனை கஷ்டம் இருந்திருக்காது. அவன் தேநீரைப் பாதிக் கிண்ணம் ஊற்றி என் மேஜையில் வைப்பான். நான் அதை ஆறவிட்டு அப்படியே கொட்டிவிடுவேன்.

அவனைக் கொல்ல நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் காத்திருந்த பதினெட்டு நிமிடத்தை அவனும் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நியாயமான ஆசை.

போன டிசம்பரில் வாய்ப்பு தானாக வந்தது. ஒருநாள் மத்தியானம் போனும் கையுமாக என் மேஜைக்கு வந்தான்.

"எஜே, அப்பாவுக்கு மூச்சு வாங்குதாம். குல்சாத் அழுகுறா. நான் போகட்டுமா?"

"போ. ஆனா பதட்டப்பட்டு நீயாத் தூக்கிட்டு ஓடாத. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுட்டுக் காத்திரு. அவங்களுக்குத்தான் எப்படிப் பிடிக்கணும்னு தெரியும்."

"சரி எஜே."

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். கதவு சாத்தியதும் கட்டத்தில் டிக் போட்டேன். பழைய ஃபர்ம்வேரையே மறுபடி ஏற்றச் சொன்னேன். இயந்திரம் ஏன் என்று கேட்பதில்லை. அறிக்கையில் மின்தடை என்று எழுதினேன். இங்கே குளிர்காலத்தில் மின்தடை என்று எழுதினால் யாரும் இரண்டாவது வரியைப் படிக்க மாட்டார்கள். ஆனால் அவன் மனைவி குல்சாத், அவன் வருவதற்குள் பக்கத்து வீட்டு வண்டியில் கிழவரை ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். இதயத்தில் அடைப்பெடுத்து உள்ளே குழாய் வைத்தார்கள். இல்கிஸின் அப்பா அசனாலி, எங்கள் வழக்கில் அக்சக்கால், அதாவது பெரியவர், பத்து நாளில் எழுந்து உட்கார்ந்து குதிரைக்கறி கேட்டார்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. வண்டி வெளியே போக வழி இருக்கக் கூடாது.

மார்ச்சில் நௌரூஸ் புத்தாண்டு விடுமுறையன்று இன்னொரு முறை செய்தேன். அது வெறும் ஒத்திகை. நேரம் குறித்து வைத்தால், நான் அறையில் இல்லாமலே பதினாறும் தானாகப் படுக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. படுத்தன. இல்கிஸ் பதிவுகளைப் படிக்கிறவன். அன்று நடந்ததை மறுநாள் பார்த்திருப்பான். ரிஸ்பெக் காயை மாற்றும்போது திரும்பிக்கொள்வானே, அதே போல ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

இந்த இடத்தில்தான் நேற்று நீங்கள் ஒரு பட்டியலை வாசித்தீர்கள். டிசம்பர், மார்ச், பிறகு மே, மூன்று நாட்களிலும் சேர்த்து, ஆம்புலன்ஸுக்கு அழைத்துக் காத்திருந்த முப்பத்தொரு வீடுகள். பனிக்குடம் உடைந்த ஒரு பெண். தொண்டையில் வாதுமைக் கொட்டை சிக்கிய மூன்று வயதுப் பிள்ளை. இன்னும் யார் யாரோ. நான்கு வீடுகளில் பிறகு வண்டி தேவைப்படவில்லை என்றீர்கள், நாசூக்காகப் பேசுகிறீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள். அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் இல்கிஸே வந்து அழைத்தான். அவனுக்குக் கல்யாணமே தாமதம், குழந்தை இன்னும் தாமதம். மகன் நடக்கிறானாம்.

"எஜே, சனிக்கிழம கால்கயிறு அறுக்குறோம். நீங்க வந்தாத்தான் விழா. பாய்கே இருந்திருந்தா அவருதான் மொதல்ல ஓடி வந்திருப்பாரு."

"வருவேன். அப்பா எப்படி இருக்காரு?"

"அவரா? டாக்டர் படியேற வேணாம்னா, இவரு குதிரை ஏறலாமான்னு கேக்குறாரு. உக்கார வைக்கிறதே பெரும்பாடு."

சனிக்கிழமை காலையில் அறைக்குப் போய் இரண்டு இருபதுக்கு நேரம் குறித்தேன். பதினாறும். அன்று பணியில் இருந்த பெண்ணிடம், ஒரு மத்தியானம்தானே, நீயும் விருந்து சாப்பிடு என்று சொல்லி என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

வேண்டுமென்றே கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். முற்றத்துக்குள் எல்லோருடைய வண்டிகளும் நின்றன. என் வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினேன். ரிஸ்பெக்கின் பழைய வண்டி, நல்ல நீளம்.

குல்சாத் எனக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சுடச்சுட எண்ணெயில் பொரித்த போர்சோக், தேன், வெண்ணெய். ஆப்பிள் மரம் பூத்திருந்தது. குழந்தையின் கணுக்கால்களில் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றைக் கட்டிப் பாதையின் கோடியில் நிறுத்தினார்கள். தொப்பென்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். அழகான குழந்தை. சிறுவர்கள் ஓடினார்கள், பெண்கள் ஓடினார்கள், இளைஞர்கள் ஓடினார்கள். முதலில் வந்தவர்கள் ஆளுக்கொரு பரிசு வாங்கிக்கொண்டார்கள். கயிற்றை அறுப்பது கடைசி ஓட்டத்தில் என்று அசனாலி அக்சக்கால் சொல்லிவிட்டார். பெரியவர்கள் ஓட்டம். அவர் மட்டும் தலையில் கல்பாக் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மணி இரண்டு பதினைந்து. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன அக்சக்கால், பேரன் யாரு மாதிரி வரணும்னு ஆச?"

"இது என்னம்மா கேள்வி? என்ன மாதிரிதான்."

"நீங்கதான் நாற்காலிய விட்டு எந்திரிக்கலயே. அந்தா பக்கத்து வீட்டுக்காரர் கால உதறிட்டு நிக்கிறாரு. பேரன் அவர மாதிரி வரட்டும்னு விட்டுட்டீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் நல்ல மனிதர். "அவர விடுங்கம்மா, ஒடம்பு சரியில்லாதவரு" என்றார். என் வார்த்தையைவிட அதுதான் வேலை செய்தது.

"யாருக்குடா ஒடம்பு சரியில்ல? உன் மூட்டப் பாத்துக்க. படி ஏறும்போது கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடுது."

"ஆதா, டாக்டர் என்ன சொன்னாரு? மறந்துட்டீங்களா?" என்று குல்சாத் சமையல் அடுப்பிலிருந்தே மாமனாரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஓடக் கூடாதுன்னாரு. இது ஓட்டமா? அம்பதடி. நான் ஆஸ்பத்திரில மூத்திரம் போக இதவிட அதிகமா நடந்தேன்."

கல்பாக்கைக் கழற்றி என் மடியில் வைத்தார். இதைப் பிடித்துக்கொள் என்றார். நான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் வந்தது அவர்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோலை நீட்டினார்கள். வாங்கக் கையை நீட்டியவர், பேரனின் முன்னால் மெதுவாக மண்டியிட்டார். கயிறு அறுக்கத்தான் மண்டியிடுகிறார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

இல்கிஸ் போனை எடுத்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு இருபத்தாறு. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். மணி அடிப்பது நான் இருந்த இடத்துக்கே கேட்டது. நான் எதிர்பார்த்தது பதினெட்டு நிமிடம். அவன் ஐந்தாவது மணியிலேயே போனைக் கீழே இறக்கினான். நடுவில் எத்தனை பேர் கத்திக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருந்தார்கள். அத்தனை பேரையும் தாண்டி நேராக என்னைப் பார்த்தான்.

"எத்தன பிளேடு, எஜே?"

பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "பதினாறு" என்றேன்.

"நிறுத்துங்க."

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அதன்பின் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "சாவி." வாசலில் குறுக்கே நின்ற வண்டியின் சாவி. என் பைக்குள் இருந்தது. என் பையில் எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்று கண்ணைக் கட்டிக்கொண்டும் சொல்வேன் என்பது எங்கள் அலுவலகம் முழுக்கத் தெரியும். அன்று ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துத் தேட வேண்டியிருந்தது. அவன் என்னைத் திட்டவில்லை, பையைப் பிடுங்கவில்லை. நான்கைந்து பேரைக் கூப்பிட்டு என் வண்டியைப் பக்கவாட்டில் தூக்கி நகர்த்தினான். அதற்கு ஒன்பது நிமிடம் ஆனது. அசனாலி அக்சக்கால் பெரிய சாலையைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

எல்லோரும் வண்டிகளுக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். முற்றத்தில் நானும் குழந்தையும்தான். காலில் கயிறு அப்படியே இருந்தது. எழுந்து நடக்கப் பார்த்தான், தடுக்கி விழுந்தான், அழுதான். கயிற்றை அறுக்காமல் ஒரு பிள்ளையை அப்படி விடக் கூடாது. கத்தரிக்கோல் மண்ணில் கிடந்தது. எடுத்துத் துடைத்து நானே அறுத்துவிட்டேன். அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடந்தான். ஒழுங்கான பிள்ளையாக வளருவான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுதான் நடந்தது. மூன்று முறையும் டிக் போட்டது நான். வண்டியைக் குறுக்கே நிறுத்தியது நான். கிழவரைக் கிளப்பிவிட்டது நான். இதில் இல்கிஸுக்கோ, விருந்துக்கு வந்த அந்தப் பெண்ணுக்கோ எந்தப் பங்கும் இல்லை.

நீங்கள் இத்தோடு விட்டிருக்கலாம். இன்று காலையில் அந்த நான்கு வருடத்துப் பழைய அழைப்புப் பட்டியலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, ஒரு வரியைப் பேனாவால் சுற்றிக் காட்டினீர்கள். அக்டோபர் மாதம், சனிக்கிழமை, ஒன்று ஐம்பத்திரண்டு. என் எண்ணிலிருந்து இல்கிஸ் எண்ணுக்கு. நாற்பத்தொரு நொடி. இதைப் பற்றி இல்கிஸிடம் கேட்டீர்களாம். "ஞாபகம் இல்ல" என்றானாம். அப்பாவைப் புதைத்து ஒரு வாரம் ஆகாத நிலையிலும் அதையேதான் சொன்னான் என்றீர்கள். எனக்கு அதைக் கேட்டபோது சுருக்கென்றது. நான்கு வருடமாக எனக்குப் பிச்சை போட்டுக்கொண்டிருக்கிறான், இன்னும் நிறுத்தவில்லை.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரிஸ்பெக் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. போனை எடுத்தேன். "ஒம்பது முடிஞ்சிருக்கு எஜே, ஏழு பாக்கி, ஏழு மணி ஆயிடும்" என்றான். "உச்சிக் கட்டத்துல டிக் போட்டுட்டுக் கிளம்பி வாடா, உன் பாய்கே உனக்காகக் காத்துக்கிட்டிருக்காரு" என்றேன். "ஆம்புலன்ஸ் இருக்கே எஜே" என்றான். "ஒரு முக்கா மணி நேரத்துல ஊருல யாரும் செத்துப் போயிட மாட்டாங்க" என்றேன்.

சொன்னேன், மறுக்கவில்லை. ஆனால் வாய்ச்சொல் உத்தரவாகாது என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது, பதினான்காம் பக்கம், என் கையெழுத்தில். அவன் என்னிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.